திருச்சி வெயிலில் கலர் ஃபிலிம்: வீட்டில் கழுவும் கிட் எப்படி?

வீட்டில் கலர் நெகட்டிவ் கழுவ நான் வாங்குவது சினிஸ்டில் சிஎஸ்41 பவுடர் கிட். ஒரு லிட்டருக்கான அளவு. பெட்டிக்குள் பைபையாகப் பவுடர் இருக்கும். கரைத்தால் மூன்று பாட்டில் தேறும்: படத்தை வரவழைக்கும் டெவலப்பர், வெள்ளியை நீக்கும் பிளிக்ஸ், கடைசியில் ஃபிலிமைக் காக்கும் ஸ்டெபிலைசர். இதே கிட் திரவமாகவும் வருகிறது. ஆனால் ரசாயனத் திரவம் என்றாலே கூரியர்காரர்கள் யோசிக்கிறார்கள். பவுடருக்கு அந்தத் தொல்லை குறைவு, மே மாதத்தில் வரும் வழியில் கசிந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் எதில் கவனம் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிக் கிட்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை வைத்து எழுதியது. அவர்களுக்குக் கவலை எல்லாம் சூட்டைப் பற்றித்தான்: டெவலப்பருக்கு வேண்டிய 39 டிகிரியைப் பிடித்து வைக்க வேண்டுமே, ஆறிவிடுமே என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே எத்தனையோ பேர் கலர் பக்கமே வராமல் கறுப்பு வெள்ளையோடு நின்றுவிட்டார்கள். நம் ஊரில் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே படத்தைக் கெடுப்பது தண்ணீரும் வியர்வையும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை. எல்லாம் டிஜிட்டல் ஆவதற்கு முன்பு இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர், தண்ணீர், ஃபிக்ஸர் என்று கையால் முக்கி எடுத்தவள். அதனால் ரசாயனம் புதிதில்லை. கலர்தான் புதிது. கேமரா நிக்கான் எஃப்எம்10, போடுவது பெரும்பாலும் கோடக் கலர்பிளஸ் 200, கையில் காசு இருந்தால் கோல்ட் 200.

வீட்டில் கழுவ ஆரம்பித்ததற்குக் காரணம் லேப். நான் வழக்கமாகக் கொடுத்துவந்த இடத்தில் ஃபிலிம் கழுவும் மிஷினை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மிஷினின் தொட்டியில் டெவலப்பர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ரோல் வர வர, புது டெவலப்பர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு ரோல் மட்டும் வந்தால் தொட்டியே காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும். பிரிண்ட் மிஷின் மட்டும் பல லேப்களில் இன்றும் ஓடுகிறது. கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் போட்டோவும் நிற்கவில்லையே. அதன் பிறகு சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். ஒரு இடத்தில் ஸ்கேன் மட்டும் மெயிலில் வந்தது, நெகட்டிவ் கடைசிவரை வரவே இல்லை. போன் செய்து, மறுபடி போன் செய்து, அலுத்து விட்டுவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எடுத்த ரோல் அது. ஸ்கேன் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நெகட்டிவின் அருமை தெரியாது என்றுதான் சொல்வேன்.

சரி, கிட்டுக்கு வருவோம்.

கலர் நெகட்டிவ் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடக் 1972-ல் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி கலர் நெகட்டிவ் ஆனாலும், ஃபிலிம் வேகம் 100 ஆனாலும் 800 ஆனாலும், நேரமும் சூடும் ஒன்றேதான். கறுப்பு வெள்ளையில் ஃபிலிமுக்கு ஃபிலிம் நேரம் மாறும், அட்டவணை பார்க்க வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. கோல்டும் ஃபியூஜியும் ஒரே டேங்கில், அதாவது ஃபிலிமைப் போட்டுக் கழுவும் வெளிச்சம் புகாத டப்பாவில், ஒன்றாக உட்காரலாம். இது பெரிய வசதி.

எக்ஸ்ரேயில் கடைசிவரை படமாக நிற்பது வெள்ளி. கலரில் அப்படி இல்லை. டெவலப்பர் வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது தானும் மாறுகிறது. அப்படி மாறிய டெவலப்பர், ஃபிலிமின் மூன்று அடுக்குகளிலும் ஏற்கெனவே வைத்திருக்கும் பொருளோடு சேர்ந்து சாயமாகிறது: ஒன்றில் மஞ்சள், ஒன்றில் மெஜந்தா, ஒன்றில் சயான். அதோடு வெள்ளிக்கு வேலை முடிந்தது. அதைத் திரும்பவும் உப்பாக்கிக் கரைத்து வெளியேற்ற வேண்டும். உப்பாக்குவது பிளீச், கரைப்பது ஃபிக்ஸர். இரண்டையும் ஒரே பாட்டிலில் சேர்த்துவிட்டால் பிளிக்ஸ். மிஞ்சுவது சாயம் மட்டும்தான். ஒரு முழு ரோலில் கடைசியில் வெள்ளி ஒரு துளியும் இல்லை என்பதை முதலில் படித்தபோது, இவ்வளவு காலம் வெள்ளியோடேயே வேலை பார்த்த எனக்கு நம்பவே முடியவில்லை.

இந்தக் கிட்டின் கணக்கு இது: டெவலப்பர் 39 டிகிரியில் மூன்றரை நிமிடம், பிளிக்ஸ் எட்டு நிமிடம், தண்ணீர்க் கழுவல் மூன்று நிமிடம், ஸ்டெபிலைசர் ஒரு நிமிடம். டெவலப்பர் ஊற்றியதும் முதல் பத்து விநாடி விடாமல் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு தடவை நான்கு கவிழ்ப்பு. சூடு மிக முக்கியமாக இருப்பது டெவலப்பருக்கு மட்டும்தான். பிளிக்ஸுக்கு 24 முதல் 40 டிகிரிவரை எதுவும் சரி. ஆக, மொத்த வேலையில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது அந்த மூன்றரை நிமிடம்தான்.

அந்த மூன்றரை நிமிடத்தில் சூடு ஏன் அவ்வளவு முக்கியம்? டெவலப்பர் மேலிருந்து கீழே ஊறி இறங்குகிறது. சூடு மாறினால் மூன்று அடுக்கும் ஒரே அளவில் மாறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அப்போது நிழல் ஒரு பக்கம் பச்சையாகவும் வெளிச்சம் ஒரு பக்கம் சிவப்பாகவும் இழுக்கும். படம் முழுக்க ஒரே நிறம் ஏறியிருந்தால் கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று பிரிந்துவிட்டால் என்ன செய்தாலும் முகம் சரியாக வராது.

இங்கேதான் நம் வெயில் கை கொடுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வரும் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்ததுமே 38, 39 காட்டும், சில நாள் அதற்கும் மேலே. காய்கறி கழுவவே முடியாது என்று அம்மா திட்டும் அதே தண்ணீர்தான். அகலமான பிளாஸ்டிக் டப்பில் அதைப் பிடித்து, டெவலப்பர் பாட்டிலையும் பிளிக்ஸ் பாட்டிலையும் கழுத்துவரை முங்க வைத்து அரை மணி நேரம் விட்டால் போதும். ஒரு டிகிரி குறைந்தால் கெட்டிலிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர், கூடினால் மண்பானைத் தண்ணீர் ஒரு சொம்பு. பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது அதற்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. 20 டிகிரி அறையில் 39 டிகிரித் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும். 35 டிகிரி அறையில் வித்தியாசமே நான்குதான். மூன்றரை நிமிடத்தில் தெர்மாமீட்டர் முள் அசைந்ததா என்றே சந்தேகமாக இருக்கும். மார்கழி, தையில் மட்டும் கெட்டில் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். தண்ணீரைச் சூடாக வைக்கும் சூ வீட் கம்பி என்று ஒன்று விற்கிறார்கள், எல்லோரும் வாங்கச் சொல்கிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி, வேலூர்க்காரர்கள் அந்தக் காசில் இன்னும் சில ரோல் வாங்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருந்தால் வாங்குங்கள்.

நல்ல தெர்மாமீட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சமையலுக்கு விற்கும் மலிவு டிஜிட்டல் குச்சி இரண்டு டிகிரி தப்பாகக் காட்டினாலும் நமக்குத் தெரியாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 37-லிருந்து 40-க்குள் துல்லியமாகக் காட்டவே செய்யப்பட்டது. டப் தண்ணீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

அடுத்தது ரீல், டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சக்கரம். என்னிடம் இருப்பது பேட்டர்சன் டேங்க், பிளாஸ்டிக் ரீல். அருமையான பொருள். 35 எம்எம் ஒரு ரோலுக்கு 290 மில்லி போதும் என்று அடியிலேயே அச்சடித்திருக்கும், இரண்டு ரீல் டேங்குக்கு 600 மில்லிக்குள் அடங்கும். ரீலின் வாயில் இரண்டு பக்கமும் சின்ன இரும்புக் குண்டு இருக்கும், அதுதான் ஃபிலிமைப் பிடித்து உள்ளே தள்ளுவது. இடமும் வலமுமாகத் திருகினால் ஃபிலிம் தானாக ஏறும். ஆனால் எந்த பிளாஸ்டிக் ரீலாக இருந்தாலும் துளி ஈரம் இருந்தால் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஃபிலிமை ரீலில் ஏற்றுவது முழு இருட்டில்தான். அதற்கு உதவும் சேஞ்சிங் பேக் என்பது இரண்டு அடுக்குக் கறுப்புத் துணிப் பை, கை நுழைக்க இரண்டு எலாஸ்டிக் ஓட்டை. அதற்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு, திருச்சி மே மாதத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கை வியர்க்கும், அந்த ஆவி பைக்குள்ளேயே தங்கும், பத்தாவது படம்வரை சுலபமாகப் போன ஃபிலிம் அதற்கு மேல் ஏறாது. அவசரப்பட்டுத் தள்ளினால் மடியும். மடிந்த இடத்தில் படத்தின் மேல் பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு விழும், அது எந்தக் கழுவலிலும் போகாது. அதனால் நான் ரீல் ஏற்றும் வேலையை விடியற்காலையில், ஏசி அறையில் முடித்துவிடுவேன். டேங்கை மூடிவிட்டால் பிறகு வெளிச்சம் உள்ளே போகாது, கழுவும் வேலையை மதியம் சின்டெக்ஸ் சூடானதும் வைத்துக்கொள்ளலாம். ரீலை முந்தின நாளே வெயிலில் காயவைப்பேன். ஃபிலிமின் முன்முனையை வெளிச்சத்திலேயே வெளியே எடுத்து, இரண்டு மூலையையும் நகம் வெட்டுகிற மாதிரி லேசாக உருட்டி வெட்டிவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்தது. நடுவில் ஒட்டிக்கொண்டால், ரீல், ஃபிலிம் இரண்டையும் டேங்குக்குள் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்து, துடைத்து, பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீர்தான் அடுத்தது, இதில் நான் கண்டிப்பானவள். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒரு வேளை, போர் தண்ணீர் ஒரு வேளை. போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் குளியலறைக் குழாயின் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். டெவலப்பர் கலக்க ஆர்.ஓ தண்ணீர். நடுவில் கழுவுவதற்குக் காவிரித் தண்ணீர் போதும். ஆனால் ஸ்டெபிலைசர் கலக்க மட்டும் டிஸ்டில்டு வாட்டர்தான். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதுதான். காரணம், ஸ்டெபிலைசருக்குப் பிறகு ஃபிலிமைக் கழுவக் கூடாது, அப்படியே தொங்கவிட வேண்டும். அதில் உப்பு இருந்தால் அது ஃபிலிமிலேயே காய்ந்து வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடும். வானம் வரும் இடத்தில் எல்லாம் அந்த வட்டம் தெரியும். சில பேர் ஸ்டெபிலைசரே வேண்டாம், பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு போதும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டெபிலைசரின் வேலை கறை படாமல் பார்ப்பது மட்டுமில்லை. சாயம் வெளுக்காமல், பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் அதன் வேலை. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருப்பதால் பூஞ்சை அவ்வளவு சுலபமாக வராது. கலரில் வெறும் சாயமும் ஜெலட்டினும்தான். ஐப்பசி மழையில் அலமாரியில் கிடக்கும் தோல் செருப்பே பூத்துப்போகிற ஊரில், ஸ்டெபிலைசரைத் தவிர்க்கும் யோசனை சரிவராது.

பிளிக்ஸைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, அழுத்தம். டெவலப்பரில் கார்பனேட் இருக்கிறது, பிளிக்ஸ் அமிலம். இரண்டும் டேங்குக்குள் சந்திக்கும்போது வாயு கிளம்பி மூடியைத் தூக்கும். மூடியின் ஓரத்தை லேசாக நெம்பிக் காற்றை வெளியே விட்டுவிட்டுப் பிறகு கவிழ்க்க வேண்டும். முதல் நிமிடம் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சந்தில் வழிந்து, தரையில் பழுப்புக் கறை. மொசைக் தரையில் அது போகவே போகாது, அதனால் பாத்ரூமிலேயே செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. வாடை கொஞ்சம் காரம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பிளீச்சையும் ஃபிக்ஸரையும் ஒரே பாட்டிலில் வைப்பது வசதிக்காகச் செய்த சமரசம். எந்தக் கம்பெனி பிளிக்ஸ் ஆனாலும் தனித்தனி பிளீச், தனித்தனி ஃபிக்ஸர் அளவுக்கு வலுவும் இல்லை, ஆயுளும் இல்லை. பழசானால் வெள்ளியை முழுதாக எடுக்காமல் கொஞ்சம் விட்டுவிடும். அப்போது நெகட்டிவ் கலங்கலாக, அழுக்குப் பழுப்பாகத் தெரியும், ஸ்கேனில் நிறம் மங்கி, புள்ளி புள்ளியாக வரும். பயப்படத் தேவையில்லை. புது பிளிக்ஸில் திரும்பப் போட்டால், அதுவும் வெளிச்சத்திலேயே போடலாம், மிச்ச வெள்ளி போய்விடும். சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் எட்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் விடுவது வழக்கம். டெவலப்பரில் ஒரு விநாடி கூடினாலும் கணக்கு; பிளிக்ஸில் நேரம் கூடினால் நஷ்டமில்லை. இத்தாலியின் பெல்லினி கிட்டில் பிளீச்சும் ஃபிக்ஸரும் தனித்தனியாக வரும். விலையும் வேலையும் கூடுதல். காலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய குடும்பப் படங்கள் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பழகுவதற்கும் மாதாமாதம் தெருவில் எடுப்பதற்கும் இந்தப் பிளிக்ஸ் கிட் போதும்.

ஒரு கிட்டில் எத்தனை ரோல் என்று எல்லோரும் கேட்கும் கேள்வி. கழுவிய ஒவ்வொரு ரோலுக்கும் டெவலப்பர் நேரத்தை இரண்டு சதவீதம் கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறது குறிப்பு. அதாவது ரோலுக்கு நான்கு விநாடிக்குச் சற்று மேல். பத்தாவது ரோலுக்கு வரும்போது மூன்றரை நிமிடம், 4 நிமிடம் 8 விநாடி ஆகியிருக்கும். பாட்டிலின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, ரோலுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இருபதுக்கு மேல் கழுவியதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் போனால் ரோல் ரோலாக நிறம் மெலிந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரிகிறது, அந்த மிச்சத்துக்காக ஒரு ரோலைப் பணயம் வைக்க எனக்கு மனசில்லை. பன்னிரண்டிலேயே கணக்குப் போட்டாலும் லேபில் கேட்பதைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

கலந்த டெவலப்பரைக் கொல்வது ரோல் எண்ணிக்கையைவிடக் காற்றுதான். பாட்டிலில் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும், காலி இடம் இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றில் வைப்பதைவிட அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் இரண்டில் வைப்பது நல்லது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். வீட்டில் குழந்தை இருக்கும், தாகத்தோடு வரும் விருந்தாளி இருப்பார். மருந்துப் பாட்டில் வாங்கி, பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.

கையுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோவில் பலரும் வெறுங்கையோடு செய்கிறார்கள். கலர் டெவலப்பரில் இருப்பது தலைச்சாயத்தில் போடும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாயம் பூசி நெற்றியும் காதும் வீங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாகிவிடலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போகாது. நைட்ரைல் கையுறை, பவுடர் கரைக்கும்போது முகக்கவசம், இரண்டும் கட்டாயம். தீர்ந்த பிளிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் செடிக்கும் ஊற்றக் கூடாது, செப்டிக் டேங்கிலும் ஊற்றக் கூடாது. நான் கேனில் சேர்த்துவைத்து, பழைய எக்ஸ்ரே ஃபிக்ஸரை வெள்ளிக்காக வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் விசாரித்தால் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சினிமா ஃபிலிமைச் சின்ன ரோலாகச் சுற்றி மலிவாக விற்கிறார்கள். பல சினிமா ஃபிலிம்களின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு இருக்கும். அது இந்தக் கிட்டில் கரைந்து டெவலப்பரையே கறுப்பாக்கி, அடுத்து வரும் எல்லா ரோலையும் அழுக்காக்கும். உறையில் இசிஎன்-2 (சினிமா ஃபிலிம் கழுவும் முறையின் பெயர்) என்று போட்டிருந்தால் அது இந்தக் கிட்டுக்கு ஆகாது. சினிஸ்டில் 800டி சினிமா ஃபிலிமிலிருந்து வந்ததுதான், ஆனால் கரியை நீக்கிவிட்டு விற்கிறார்கள், அது தாராளமாகப் போகும். தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் வருவது அந்தக் கரி இல்லாததால்தான்.

காயவைப்பது பாத்ரூமில். ஐந்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டால் பறக்கும் தூசி அடங்கும், பிறகு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழே இன்னொரு கிளிப் கனத்துக்கு. ஃபேன் போடக் கூடாது. இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? படம் சீக்கிரம் ஆளிடம் போய்ச் சேரத்தான். கிட் வந்த பிறகு எனக்கு உண்மையில் மாறியது இதுதான். முன்பெல்லாம் ரோல் முடிந்து, கூரியர் போய், ஸ்கேன் வர ஒரு மாதம் ஆகிவிடும். தெற்கு வாசலில் பூ கட்டும் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, என் போட்டோ வந்துச்சா?" என்பாள். வரவில்லை என்று சொல்லிச் சொல்லி அந்தப் பக்கம் போகவே கூச்சமாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை கழுவி, திங்கட்கிழமை பிரிண்ட் போட்டு, செவ்வாய்க்கிழமை கையில் கொடுத்துவிடலாம். போட்டோவை வாங்கியவள் முதலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் தராசு வைத்திருந்த மாமியாரைப் பார்த்தாள், "அத்தையும் விழுந்திருக்காங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள்.

ஸ்கேனுக்குத் தனி மிஷின் இல்லாவிட்டாலும் நடக்கும். எல்இடி லைட் பேடின் மேல் நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவால் மேலிருந்து நேராக எடுக்கிறேன். நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் பழுது இல்லை, சாயங்களின் குறையை ஈடு கட்டக் கம்பெனியே வேண்டுமென்று போட்டது. அதை நீக்கி நிறத்தைத் திருப்ப நெகட்டிவ் லேப் ப்ரோ என்ற மென்பொருள் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது அமுக்கி அமுக்கி ஃபிலிமின் துகளையெல்லாம் வழித்துவிடும், செல்போனில் எடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. பிரிண்ட் போடக் கொடுக்கும்போது கலரைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கிவிடுவார்கள். கறுப்பாக இருப்பவர்களைக் கறுப்பாகவே காட்டும் ஃபிலிமைத் தேடித் தேடி வாங்கிக் கழுவுகிறவளுக்கு அது பொறுக்காது.

கடைசியாக ஒன்று. இந்தக் கிட்டைத் தனியாக வாங்குவதைவிடச் சேர்ந்து வாங்குங்கள். ஒருவர் பன்னிரண்டு ரோல் எடுத்து முடிப்பதற்குள் கலந்த டெவலப்பர் தேநீர் நிறமாகிவிடும். நாங்கள் மூன்று பேர்: நான், கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் ஒரு பையன், தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவரவர் ரோலைக் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்துவைத்து, எல்லோரிடமும் சேர்த்து ஏழெட்டு ஆன பிறகுதான் பவுடர்ப் பையையே பிரிப்போம். கிட் காசு ரோல் கணக்கில் பங்கு. காலையில் ரீல் ஏற்றுவது பையன், அவன் கை வியர்க்காது. டைமர் தபால்காரர் கையில். டேங்க் என் கையில். ஒவ்வொரு டப்பாவிலும் பேரும் தேதியும் எழுதிய ஒட்டுத்தாள் இருந்தால்தான் வாங்கிக்கொள்வேன். ஒரே டேங்கில் இரண்டு பேர் ஃபிலிம் போனால், எது யாருடையது என்று ஈர நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துத் தேடுவதில் விரல் ரேகை விழுகிறது. அதனால் ரீலிலேயே பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்திருக்கிறோம்.